ரெண்டாவது புருஷன் சாகலை

மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புத்தகத்துல அவன் இன்னும் உப்புமா சாப்பிட்டுக்கிட்டு இருக்கானா, இல்லை கரூருக்குக் கிளம்பிட்டானா?

பயப்படாதீங்க, முடிவைச் சொல்லிட மாட்டேன். திருச்சியில ஏறினதுலேர்ந்து பாத்துக்கிட்டு வர்றேன், பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கறீங்க. பூதலூர்ல டீக்காரர் வந்து நின்னு, ரெண்டு தடவை கூப்பிட்டு, போயே போயிட்டாரு. உங்களுக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு நல்லாவா இருக்கு?

நல்லாத்தான் இருக்கும். அவங்க எழுத்து அப்படி. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். அதுல வர்ற ரெண்டாவது புருஷன், வேதமூர்த்தின்னு பேர் வச்சிருக்காங்களே, அது நான்தான்.

நம்பிக்கை வரலை, இல்லையா? பின்னட்டையைத் திருப்புங்க. மரகதவல்லின்னு பேர் போட்டு அவங்க போட்டோ இருக்குல்ல? அதை எடுத்தது நான். பின்னால தெரியுதே ஜன்னல், அது எங்க வீட்டு ஜன்னல். வெளியில கம்பியில ஒரு கட்டம் போட்ட துண்டு காயுது பாருங்க. அது என் துண்டு. என் பேரு தியாகேசன். நான் அவங்க வீட்டுக்காரர்.

உக்காருங்க, உக்காருங்க. எதுக்கு எழுந்திருக்கறீங்க? என்னைப் பாத்து யாரும் எழுந்ததில்லை. நான் கும்பகோணத்துல இறங்கணும். அதுவரைக்கும் எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்க. கேட்டுட்டு மீதியைப் படிங்க. ரெண்டு பக்கத்தையும் கேக்கணும் இல்லையா?

இதுக்கு முன்னாடி அவங்க எழுதினது எதாவது படிச்சிருக்கீங்களா? இதுதான் முதலா? அப்ப அங்கேர்ந்தே சொல்லணும்.

இதுக்கு முன்னாடி மூணு நாவல் எழுதியிருக்காங்க. மூணுலயும் ஒரே புருஷன். ராஜாமணின்னு பேர். முதல் புத்தகம் 'சாம்பாருக்கு ஆறு மார்க்'. பொண்டாட்டி வைக்கற சாம்பாருக்கு தினம் மார்க் போடுவான் அந்த ஆளு. வாயால சொல்ல மாட்டான், குடும்ப வாட்ஸப் குரூப்ல போடுவான். அவன் அம்மா உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாங்க. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, பக்கத்துல இருக்கற பொண்டாட்டிக்கு ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்புவான். கல்யாண நாளுக்கு அவளுக்கு ட்ரெட்மில் வாங்கிக் குடுப்பான். ஒவ்வொரு புத்தகத்துலயும் கடைசியில செத்துப்போவான். ஒண்ணுல குத்தாலத்துல செல்ஃபி எடுக்கறப்ப வழுக்கி விழுந்து. இன்னொண்ணுல அபார்ட்மெண்ட் விழாவுல இனிய இல்லறம்னு பேசிக்கிட்டே போண்டா தின்னு, அது தொண்டையில அடைச்சு. மூணாவதுல அதே ட்ரெட்மில்லுல. சாவு வீட்டுக்கு வந்தவங்க அந்த மெஷினை என்ன விலைக்குத் தருவீங்கன்னு பொண்டாட்டிகிட்ட பேரம் பேசுவாங்க பாருங்க, அதை நான் பஸ்ல படிச்சேன். சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, கண்டக்டர் தண்ணி பாட்டில் குடுத்தாரு.

அந்த முதல் புத்தகத்தை என் கையில குடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? என் முதல் சம்சாரம் கற்பகம். ஆமா, எனக்கும் இது ரெண்டாவது கல்யாணம்தான். கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சு, சாமானை வண்டியில ஏத்தி, கிளம்பப்போற நேரத்துல கற்பகம் திரும்பி உள்ள வந்தா. இந்தப் புத்தகத்தைக் கையில குடுத்து, "படிச்சுப் பாருங்க"ன்னா. நல்ல மனசு மேடம் அவளுக்கு. போற நேரத்துலகூட, இந்த மனுஷன் தனியா இருப்பானே, பொழுது போகணுமேன்னு நினைச்சிருக்கா. அதுல அங்கங்க அடிக்கோடு வேற போட்டிருந்தா. நல்ல நல்ல நகைச்சுவை எங்க இருக்குன்னு எனக்குக் காட்டறதுக்கு.

என்ன, சிரிக்கறீங்க? ஓ, புத்தகத்தைப் பாத்தா. சரி.

அப்புறம் மூணையும் படிச்சேன். திரும்பத் திரும்பப் படிச்சேன். இப்படியும் ஒரு புருஷன் இருப்பானா, கடவுளே, நல்லவேளை நாம இப்படி இல்லைன்னு அவ்வளவு ஆறுதல் எனக்கு. திருச்சி புத்தகக் கண்காட்சியில வாசகர் சந்திப்புன்னு போட்டிருந்தாங்க. லீவு போட்டுட்டுப் போனேன். கேள்வி நேரத்துல எழுந்து, "இப்படி ஒரு ஆளை எப்படி மேடம் கற்பனை பண்ணினீங்க?"ன்னு கேட்டேன்.

"கற்பனை பண்ணலை. பக்கத்துல படுத்திருந்தாரு"ன்னாங்க.

பந்தலே சிரிச்சுது. எனக்கு நிறுத்தவே முடியலை. நாற்காலியோட சாஞ்சுட்டேன். அவங்க மேடையிலேர்ந்து என்னையே பாத்தாங்க. அப்புறம் சொல்லியிருக்காங்க, "பொம்பளைங்க சிரிப்பாங்க, ஆம்பளைங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இப்படி நாற்காலியோட விழுந்த ஆம்பளையை அன்னிக்குத்தான் பாத்தேன்"னு. அந்தச் சிரிப்புக்காகத்தான் கல்யாணம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவங்க பதிப்பாளர் கனகசபை. போட்டுட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், இவங்க புருஷங்களுக்கு ஆயுசு கம்மி. பாத்து நடந்துக்கோங்க"ன்னாரு. தமாஷாத்தான் சொன்னாரு.

அப்பத்தான் மேடம் எனக்கு உறைச்சுது. இதுவரைக்கும் நான் வெளியில நின்னு வேடிக்கை பாத்தேன். இப்ப உள்ள வந்துட்டேன்.

கல்யாணமாகி முதல் காலையில உப்புமா பண்ணினாங்க. அவங்களுக்குச் சமையல் சுமார்தான், அதை அவங்களே எழுதியிருக்காங்க. நான் ஒரு வாய் வச்சேன். எனக்கு உப்புமான்னா சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. "மரகதம், இந்த உப்புமா..."ன்னு ஆரம்பிச்சேன். அவங்க தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு, வலது புருவத்தை லேசாத் தூக்கினாங்க. அவ்வளவுதான். எனக்கு ராஜாமணி ஞாபகம் வந்துட்டான். குத்தாலம், போண்டா, ட்ரெட்மில் எல்லாம் வரிசையா வந்துது. "பிரமாதம்"னேன். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதுலேர்ந்து வாரத்துக்கு மூணு நாள் உப்புமா. எனக்குப் பிடிக்கும்னு.

என் வேலை என்னன்னு சொல்லலையே. வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டியைப் போய்ப் பாத்து, எப்படி இடிச்சுது, யார் மேல தப்புன்னு எழுதிக் குடுக்கணும். இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. நிக்கற வண்டி மேல தப்பு வராது. ஓரமா, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி வச்சிருந்தா, எவன் வந்து இடிச்சாலும் தப்பு அவன் மேலதான். குடும்பத்துக்கும் அதுதான் வழின்னு முடிவு பண்ணினேன். நாம நின்னுடணும். அசையக் கூடாது.

நின்னேன் மேடம். மூணு வருஷம் அப்படி நின்னேன். கொடைக்கானல் போலாமா, மூணாறு போலாமான்னா, "உங்க இஷ்டம்". சினிமாவா, வீட்டுல இருக்கலாமான்னா, "எதுவா இருந்தாலும் சரி". அவங்க தங்கச்சி கும்பகோணத்துலேர்ந்து வந்து மாசக்கணக்குல தங்கினாலும் சிரிச்ச முகம்தான். ஒரு தடவை ஜன்னலுக்கு மஞ்சள் கலர்ல ஒரு திரைச்சீலை வாங்கிட்டு வந்தாங்க. கண்ணு கூசுது. "எப்படி இருக்கு?"ன்னாங்க. "அழகா இருக்கு"ன்னேன். மறுநாள் கத்தரிப்பூ கலர்ல ஒண்ணு. "இது?" "இதுவும் அழகு." "ரெண்டுல எது வேணும், தியாகு?" "உங்களுக்கு எது பிடிக்குதோ அது." ஒரு பக்கம் மஞ்சளும், ஒரு பக்கம் கத்தரிப்பூவுமா மாட்டிட்டாங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் துணி பத்தலையான்னு கேப்பாங்க.

அவங்களை நான் 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவேன். முதல்ல 'மேடம்'னுகூடச் சொல்லிக்கிட்டிருந்தேன், இப்ப உங்களைச் சொல்ற மாதிரி. "தியாகு, நான் என்ன பேங்க் மேனேஜரா?"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. மேடத்தை விட்டேன். 'நீங்க'வை விட முடியலை. மரியாதைதானே, அதுல என்ன குத்தம்?

நடுவுல எனக்குக் கிட்னியில கல்லு வந்துது. உங்களுக்கு வந்திருக்கா? வர வேண்டாம். உயிர் போய் உயிர் வரும். ராஜாமணிக்கு ரெண்டாவது புத்தகத்துல பல்வலி வரும். வீட்டையே ரெண்டு பண்ணுவான், வக்கீலைக் கூப்பிட்டு உயில் எழுதுவான். பன்னெண்டு பக்கம் சிரிப்பு. அந்தப் பக்கம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால நான் என்ன பண்ணினேன்னா, வலி வர்றப்பல்லாம் பாத்ரூமுக்குள்ள போயிடுவேன். குழாயைத் திறந்து விட்டுட்டு, துண்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துடுவேன். வெளியில வந்து, "என்ன வெயிலு, என்ன வெயிலு"ம்பேன். கடைசியில மயக்கம் போட்டு விழுந்து, எதிர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. டாக்டர் இவங்களைக் கேட்டாரு, "ரெண்டு மாசமா இந்த வலியை எப்படிம்மா தாங்கினாரு?"ன்னு.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவங்க அழுதாங்க. "ஒரு கல்லு இருக்குன்னு சொல்ல முடியலையா உன்னால?"ன்னாங்க. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னேன். நான் சந்தோஷமா இருந்தேன். பன்னெண்டு பக்கம் தப்பிச்சோம்னு.

அதுக்கப்புறம்தான் அவங்க எழுத்து நின்னுபோச்சு. தினம் காலையில போய் மேஜைக்கு முன்னாடி உக்காருவாங்க. மத்தியானம் எழுந்து வருவாங்க. நகம் வெட்டியிருப்பாங்க, அலமாரியை ஒழிச்சு அடுக்கியிருப்பாங்க, ஒரு வரி எழுதியிருக்க மாட்டாங்க. கனகசபை எனக்குப் போன் பண்ணினாரு. "என்ன சார், வீட்டுல எல்லாம் சௌக்கியமா?"ன்னாரு. "ரொம்ப சௌக்கியம்"னேன். "அதான் பயமா இருக்கு"ன்னாரு. எனக்குப் புரியலை. நம்ம வீட்டுல ஒரு குறையும் இல்லாததால இவங்களுக்கு எழுத ஒண்ணும் கிடைக்கலை, அந்தமட்டும் புரிஞ்சுது. பெருமையாவும் இருந்துது, பாவமாவும் இருந்துது.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சரக்கு வேணும்னா எங்க போகணும்? உற்பத்தி ஆகற இடத்துக்குத்தானே?

கரூருக்குக் கிளம்பினேன். அதைத்தான் இப்பப் படிச்சுக்கிட்டு இருக்கீங்களா? சரி சரி. ஆனா அதுல கொஞ்சம் மசாலா சேத்திருக்காங்க. உண்மையில நடந்தது இதுதான். அவங்க முதல் வீட்டுக்காரர், ராஜாமணிக்கு மூலவர், பேரு குலசேகரன். கரூர்ல பெட்ஷீட்டும் டேபிள் துணியும் ஏத்துமதி பண்ற கம்பெனியில தரக்கட்டுப்பாடு பாக்கறாரு. மார்க் போடற பழக்கம் அங்கேர்ந்து வந்ததுதான். இவங்ககிட்ட வேலை விஷயமாப் போறேன்னு சொல்லிட்டு, ரெண்டு கிலோ ஆப்பிள் வாங்கிக்கிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் தியாகேசன். மரகதவல்லியோட..."ன்னு இழுத்தேன்.

"அட! வாங்க வாங்க! எந்தப் புஸ்தகத்துல வர்றீங்க?"ன்னாரு மனுஷன்.

நான் கூனிக் குறுகிப்போய் இருப்பாருன்னு நினைச்சேன். ஹால்ல கண்ணாடி அலமாரியில மூணு புத்தகத்தையும் நிறுத்தி வச்சு, மேல லைட்டு போட்டிருக்காரு மேடம். வர்றவங்களுக்குக் காட்டுவாராம். அவருக்கும் மறு கல்யாணம் ஆயிடுச்சு. செண்பகவல்லின்னு பேரு, கலகலப்பான பொம்பளை. நான் மெதுவா, "நீங்க இந்தப் புத்தகத்தை எல்லாம்..."ன்னேன்.

"படிச்சுட்டுத்தானுங்க கட்டினேன்"னாங்க. "மத்த மாப்பிள்ளைங்க தப்பெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிய வருது. இவருது எல்லாமே அச்சுல இருக்குது. எனக்கு எவ்வளவு வசதி, சொல்லுங்க!"

காப்பி வந்துது. குலசேகரன் ஒரு மடக்குக் குடிச்சுட்டு, "ஏழரை"ன்னாரு.

"நேத்து எட்டு போட்டீங்க. அதே தூள், அதே பாலு. நாளையிலேர்ந்து நீங்களே போட்டுக் குடிங்க"ன்னாங்க அந்தம்மா.

"நேத்து நுரை இருந்துதும்மா!"

"நுரைக்கு அரை மார்க்கா?"

அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க ரெண்டு பேரும். நான் ஒருத்தன் உக்காந்திருக்கறதே மறந்துபோச்சு. நுரையில ஆரம்பிச்சு, அவர் அம்மா, இவங்க அண்ணன், போன தீபாவளின்னு போய், கடைசியில அந்தம்மா அவர் தலையில ஒரு தட்டுத் தட்டினாங்க, அவர் சிரிச்சாரு. எனக்கு அய்யோன்னு இருந்துது. இந்த மனுஷனுக்கு எங்க போனாலும் நிம்மதி இல்லையேன்னு.

விஷயத்தைச் சொன்னேன். "மரகதத்துக்கு எழுத ஒண்ணும் கிடைக்கலை. நீங்க சமீபத்துல புதுசா எதாவது பண்ணியிருந்தா சொல்லுங்க, கொண்டுபோய்க் குடுக்கறேன்"னேன். மனுஷன் தாராளம். ரெண்டு மணி நேரம் சொன்னாரு. மச்சினன் கல்யாணத்துல பந்திக்கு மார்க் போட்டு மைக்குல அறிவிச்சது, செண்பகவல்லிக்குப் பிறந்த நாளுக்கு எடை பாக்கற மெஷின் வாங்கிக் குடுத்து ஒரு வாரம் மொட்டை மாடியில படுத்தது. எல்லாத்தையும் போன்ல பதிவு பண்ணிக்கிட்டேன். கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்து கேட்டாரு, "என்னைப் பத்தி மூணு புஸ்தகம் ஆச்சு. உங்களைப் பத்தி?"

"ஒண்ணும் இல்லை"ன்னேன். நெஞ்சை நிமித்தித்தான் சொன்னேன்.

என் தோளைத் தட்டிக் குடுத்தாரு மேடம். சாவு வீட்டுல தட்டுவாங்களே, அப்படி. பொறாமைன்னு நினைச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனை அவங்க முன்னாடி வச்சேன். "ஆப்பிள் வாங்கிக்கிட்டுக் கரூர் போயிருந்தேன். உங்களுக்குப் புதுசா நிறைய விஷயம் கிடைச்சிருக்கு"ன்னேன். முதல்ல அவங்களுக்குப் புரியலை. அப்புறம் புரிஞ்சுது. "குலசேகரன் வீட்டுக்கா? நீயா? எனக்காகவா? ஆப்பிள் வாங்கிக்கிட்டா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. நான் ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினேன். வலது புருவம் மேல போச்சு. கல்யாணம் ஆன முதல் நாளுக்கு அப்புறம் இப்பத்தான் போகுது. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, சோபாவுலேர்ந்து தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வர வர. நானும் கூடவே சிரிச்சேன். எழுந்து நேரா மேஜைக்குப் போயிட்டாங்க. நாலு மாசம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்லை. போன்ல பதிவு பண்ணினதை மட்டும் கேக்கவே இல்லை. அப்பவாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

போன வாரம் புத்தகம் வந்துது. 'ஹேண்ட் பிரேக்'. அட்டையைப் பாத்தப்பகூட, ராஜாமணி கார் வாங்கிட்டான் போலன்னுதான் நினைச்சேன். ஒரு ஒர்க்ஷாப்புல, நசுங்கிப்போன வேனைப் பாக்கப் போன இடத்துல, டயர் மேல உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். ராஜாமணி இல்லை. வேதமூர்த்தி. மஞ்சள் திரைச்சீலை. குழாயைத் திறந்து விட்டுட்டுத் துண்டைக் கடிக்கறவன். அவன் பாத்ரூமுக்குள்ள இருக்கறப்ப அவன் பொண்டாட்டி கதவுக்கு வெளியில நிப்பா பாருங்க, தட்டலாமா வேண்டாமான்னு. அந்த இடம் எனக்குத் தெரியாது மேடம். அவங்க நின்னிருக்காங்களா, இல்லை அது கதையான்னு எனக்கு இன்னும் தெரியாது.

சரி, என்னைக் கிண்டல் பண்ணினது போகட்டும். அதை நான் தாங்கிப்பேன். கடைசி அத்தியாயம்தான் தாங்கலை. ராஜாமணியை மூணு தடவை கொன்னாங்களே, என்னைக் கொல்லலை. நான் பாட்டுக்கு மேஜையில உக்காந்து, "பிரமாதம்"னு சொல்லிக்கிட்டு உயிரோட இருக்கேன். அவ நினைக்கறா, 'இவனைக் கொல்வதற்கு ஒரு காரணம்கூட இவன் கொடுக்கவில்லை'ன்னு. முடிஞ்சுபோச்சு புத்தகம்.

ஐயோ, முடிவைச் சொல்லிட்டேனே. மன்னிச்சுக்கோங்க.

நேரா வீட்டுக்குப் போனேன். அவங்க பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தாங்க, தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசம், கும்பகோணத்துல. புத்தகத்தைக் கட்டில்ல வீசினேன். வாழ்க்கையில நான் எதையும் வீசினதில்லை.

"குலசேகரனுக்கு மூணு சாவு. எனக்கு ஒண்ணுகூட இல்லையா? நான் என்ன, சாகறதுக்குக்கூட லாயக்கில்லாதவனா?"ன்னு கத்தினேன்.

"என்ன சொன்ன?"ன்னாங்க.

"எனக்கு உப்புமா பிடிக்காது! மூணு வருஷமாப் பிடிக்கலை! அந்த மஞ்சளும் பிடிக்கலை, கத்தரிப்பூவும் பிடிக்கலை!" போய் ரெண்டையும் இழுத்தேன், கம்பியோட வந்துடுச்சு. எதிர் வீட்டுல குடும்பமே ஜன்னலுக்கு வந்துடுச்சு. எனக்கு வாய் நிக்கலை. "உன் தங்கச்சி டிவியை ஏன் அவ்வளவு சத்தமா வைக்கறா? எனக்கு மூணாறு போகணும், கொடைக்கானல் வேண்டாம்! அந்தக் கல்லு வலிச்சுது. உயிர் போற மாதிரி வலிச்சுது. உன் கையைப் பிடிச்சுக்கணும்னு இருந்துது."

எப்ப 'நீ'ன்னு மாறினேன்னு எனக்குத் தெரியலை.

அவங்களும் விடலை. "அப்ப ஏன் பிடிக்கலை? நான் எங்க போயிட்டேன்? ஒரு சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்!"ன்னு சுவத்தைத் தட்டினாங்க. "ராஜாமணி என்னை ஒரு நாளைக்குப் பத்து தடவை அழவச்சான். ஆனா வீட்டுல யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சுது. நீ என் வாசகன்டா. எனக்கு ஊரெல்லாம் வாசகங்க இருக்காங்க. வீட்டுக்குள்ள எதுக்கு இன்னொருத்தன்?"

"புருஷனா இருந்தா எழுதிடறியே!"

"எழுதினா என்ன? படிச்சுட்டுச் சண்டைக்கு வா! ஒரு சண்டைக்கு உனக்கு மூணு வருஷமா?"

அந்த நேரம் பாத்து வாசல்ல டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கறான். பாதிச் சண்டையில பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நான் படி வரைக்கும் கத்திக்கிட்டே போனேன். அவ கார் கண்ணாடியை இறக்கிப் பதில் சொல்லிக்கிட்டே போனா. தெரு முனை வரைக்கும் கேட்டுது.

அதுலேர்ந்து போன்ல நடக்குது. காலையில ஒரு ரவுண்டு, மத்தியானம் ஒரு ரவுண்டு. ஒர்க்ஷாப்புல எல்லாரும், "என்ன சார், ஆளே மாறிட்டீங்க"ங்கறாங்க. நேத்து எனக்கு இட்லி ஆறு இறங்குச்சு மேடம். ஏன்னு தெரியலை, அப்படிப் பசி. நேத்து சாயங்காலம் ஒரு முக்கியமான பாயிண்டைப் பிடிச்சேன். அவ, "போன்ல ருசி இல்லை, தியாகு. நேர்ல வா"ன்னு வச்சுட்டா. சண்டைக்குக் கூப்பிடறா பாருங்க, கொழுப்பு! விடுவேனா? அதான் போறேன்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மறுப்பு வச்சிருக்கேன். அந்தக் குழாய் விஷயத்தைத்தான் முதல்ல கேக்கப்போறேன். கதவுக்கு வெளியில நின்னாளா, இல்லையா? நின்னிருந்தா ஏன் தட்டலை? அப்ப தப்பு என் மேல மட்டும் இல்லையே! எப்படி? நியாயமான கேள்விதானே?

பாபநாசம் எப்பவோ போயிடுச்சு. நான் பேசிக்கிட்டே இருந்துட்டேன், நீங்க பாவம் ஒரு பக்கம் திருப்பலை. கும்பகோணம் வந்துடுச்சு. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் நகத்துங்க.

அட, அங்க பாருங்க. ஸ்டாலுக்குப் பக்கத்துல, பச்சைப் புடவை. அவதான். இத்தனை வருஷத்துல எத்தனை ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கேன், ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வந்திருப்பாளா? நான் ஆட்டோவுல வந்துக்கறேன்னு சொல்லிடுவேன், அதுவும் சரிதான். இன்னிக்கு நான் எந்த வண்டின்னுகூடச் சொல்லலை, காலையிலேர்ந்து வர்ற வண்டியெல்லாம் பாத்திருப்பா போல. தலை எல்லாம் கலைஞ்சு கிடக்கு. சண்டைன்னா என்ன ஆவேசம் பாருங்க மேடம், வீட்டுக்குப் போற வரைக்கும்கூடப் பொறுக்க முடியலை!

பாத்துட்டா. சிரிப்பை அடக்கறா. நான் சிரிக்க மாட்டேன். வர்றேன் மேடம். மூஞ்சி கோவமாத் தெரியுதா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.